காட்டுக்குப் போறேன்

எட்டயபுரத்துப் பக்கம் ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். காடு என்பது எங்களுக்கு மானாவாரிக் கரிசல் நிலம். பருத்தி, உளுந்து, கம்பு, வரப்போரம் ரெண்டு உடைமரம். அவ்வளவுதான். அதனால் கோயம்புத்தூருக்கு வந்திருந்த அப்பாவிடம் “நாளைக்கு ஒரு காட்டுக்குப் போவோம்பா” என்றதும், “யார் காடு?” என்றுதான் கேட்டார்.

சைலண்ட் வேலி. கவர்மெண்ட் காடு என்று சொல்லி வைத்தேன். அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேச எனக்கு ஒரு விஷயம் இருந்தது. எங்கள் நாலு ஏக்கரை சோலாருக்குக் கேட்கிறார்கள். சுற்றியிருந்தவர்கள் கொடுத்துவிட்டார்கள். நானும் கொடுத்துடலாம் என்கிற கட்சி. அப்பா வேண்டாம் என்றும் சொல்லாமல், சரி என்றும் சொல்லாமல் ஆறு மாசத்தை ஓட்டிவிட்டார்.

அட்டப்பாடி வழியாக முக்காலி. அதற்கு மேல் சொந்த வண்டி போகாது. ஜீப், கூட ஒரு வழிகாட்டி, சைரந்திரி வரை 23 கிலோமீட்டர். சில்வண்டுச் சத்தமே இல்லாததால்தான் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. நாங்கள் போன அன்று காது வலிக்கிற அளவுக்குக் கத்தின. வழியில் ஒரு வெடிபலா மரத்தில் சிங்கவால் குரங்குகள். முள்ளுக்காயைப் பிய்த்துக் கொட்டையைத் தின்றுகொண்டிருந்தன. நான் போனை எடுப்பதற்குள் இலைகளுக்குள் போய்விட்டன. அப்பா குரங்கைப் பார்க்கவே இல்லை. சைரந்திரியில் இறங்கியதும் காலால் சருகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “மண்ணு எங்கல இருக்கு?” எங்கள் மாவட்டத்தில் வருஷத்துக்கு 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதையும் வானத்தைப் பார்த்தே எண்ணிக் கழித்த மனுஷன்.

பார்வைக் கோபுரத்தில் மூச்சு வாங்க ஏறினோம். கீழே பச்சைக்கு நடுவே குந்திப்புழை. அதைக் காட்டித்தான் அணைக்கதையைச் சொன்னேன். 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் கொடுத்தது. 120 மெகாவாட் மின்சாரத்துக்காக இங்கே ஒரு அணை. விஞ்ஞானிகள், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி எல்லோரும் எதிர்த்தார்கள். 1983-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள், அடுத்த வருஷம் தேசியப் பூங்கா. சொல்லும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது, ஏதோ நானும் கூட நின்று கோஷம் போட்ட மாதிரி.

அப்பா ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ கரண்டுக்கு என்ன பண்ணாங்க?”

“வேற எங்கயாவது எடுத்திருப்பாங்கப்பா.”

“வேற எங்கயாவதுன்னா?”

அதற்கு என்னிடம் பதில் இருக்கத்தான் செய்தது. சோலார் எதையும் மூழ்கடிப்பதில்லை, புகை கிடையாது, வருஷா வருஷம் குத்தகை வரும். எக்செலில் போட்டே வைத்திருந்தேன். ஆனால் எங்கள் நாலு ஏக்கரில் சிங்கவால் குரங்கு இல்லை. அதற்காகக் கவிதை எழுத ஆள் இல்லை. அதில் இருப்பது அப்பா மட்டும்தான். அந்தப் பேச்சை எடுக்காமலே கோபுரத்திலிருந்து இறங்கினேன்.

முக்காலி திரும்பியபோது அவர் கணுக்காலில் ரத்தம். அட்டை எப்போதோ குடித்துவிட்டு விழுந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, “புரட்டாசிக்கு முன்னாடி ஒரு உழவு போட்டுரணும். டிராக்டருக்கு ரூவா அனுப்பிவிடு” என்றார்.

எவ்வளவு என்று கேட்டேன்.