மீனுக்கான ஒரு குடம்

பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் மூன்றாம் மாடி. முனைவர் பட்ட ஆய்வை முடித்து ஊர் திரும்பிய மூத்த மாணவர் ஒருவர், தம்முடைய 60 லிட்டர் மீன் தொட்டியை இளைய ஆய்வு மாணவி ஒருவரிடம் ஒப்படைத்துச் சென்றார். உள்ளே பன்னிரண்டு கப்பி மீன்கள். இரையைக் குறைவாகப் போட வேண்டும், தண்ணீரை முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும் என்ற இரண்டு அறிவுரைகளைத்தான் அவர் விட்டுச் சென்றார். முதலாவது மாணவிக்கு உடனே விளங்கியது. இரண்டாவது விளங்குவதற்கு ஐந்து மீன்கள் சாக வேண்டியிருந்தது.

ஆய்வேட்டின் ஓர் இயலை நெறியாளரிடம் அளித்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டியை அடியோடு துப்புரவு செய்ய அவர் முனைந்தார். பழைய நீர் முழுவதையும் வெளியேற்றினார். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினார். வடிகட்டியின் பஞ்சை அழுக்கே தெரியாத அளவுக்குக் குழாயடியில் பிழிந்து அலசினார். பிறகு குழாய் நீரை நேராக நிரப்பினார். கண்ணாடி பளிச்சிட்டது. மாலைக்குள் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்றிரவு இரண்டு, அடுத்த மூன்று நாட்களில் மேலும் மூன்று மிதந்தன.

மனிதருக்குத் தூய நீர் என்பதும் மீனுக்குத் தூய நீர் என்பதும் ஒன்றல்ல என்று அதன்பின் அவர் படித்துத் தெரிந்துகொண்டார். நம் குடிநீரில் கிருமிகளைக் கொல்லும் குளோரின், மீனின் செவுள்களை அரித்துவிடும். அகன்ற வாயுள்ள கலத்தில் ஒருநாள் திறந்துவைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிவிடும். குளோரமின் கலந்த நீரென்றால் அப்படிப் போகாது. அதற்கு மீன் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் போன்ற மருந்து வேண்டும். நிற்கும் நீர் அறையின் வெப்பநிலைக்கும் வந்துவிடுகிறது. வடிகட்டிப் பஞ்சில் அவர் அழுக்கென்று பிழிந்து எறிந்ததில் பாக்டீரியாக்களும் இருந்தன. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நச்சை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை அவை. 1890-இல் வினோகிராட்ஸ்கி இனங்கண்டு காட்டிய உயிர்கள். ஆய்வு மாணவி செய்த துப்புரவு, தொட்டியைக் காத்துவந்தவற்றையும் சேர்த்தே கொன்றிருந்தது.

அதன்பிறகு சோப்பே படாத 40 லிட்டர் டிரம் ஒன்று பால்கனியில் இடம்பிடித்தது. வாரம் ஒருமுறை தொட்டி நீரில் கால்பங்கை, அதாவது ஏறத்தாழ ஒரு குடத்தை, எடுத்துவிட்டு டிரம்மின் நீரை ஊற்றுவார். பஞ்சைத் தொட்டியின் பழைய நீரிலேயே மெல்ல அலசுவார். ஆனால் டிரம்மை அவர் திறந்தே வைத்திருந்தார். அந்தத் தவற்றைச் சுட்டியவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார். திறந்து கிடக்கும் நீரில் புழு வைக்கும், வாயில் துணியைக் கட்டு என்றார். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை விடத் தெளிந்த நீரையே நாடுகிறது. நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் அது இடும் முட்டைகள், நீர் வற்றினாலும் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும். பழைய பருத்திப் புடவையின் ஒரு துண்டு டிரம்மின் வாயை மூடியது. காற்று போய்வந்தது, கொசு போகவில்லை. வாரந்தோறும் டிரம்மின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதும் வழக்கமாயிற்று. எஞ்சிய ஏழு கப்பிகள் ஓராண்டில் முப்பதுக்கு மேல் பெருகின.

2024 மார்ச்சில் நகரம் வறண்டது. பெங்களூருக்கு வரும் காவிரி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படும் நீர். அதுவும் போதாமல், ஆழ்துளைக் கிணறுகளும் கைவிட்டன. குடிநீரில் வாகனம் கழுவினாலோ தோட்டத்துக்குப் பாய்ச்சினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. மீன் தொட்டியைப் பற்றி அந்த அறிவிப்பு ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே அந்தக் கேள்வி ஆய்வு மாணவியிடமே வந்து நின்றது.

அம்மையார் குடியிருந்த தகரக் கொட்டகை வரிசைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் லாரித் தண்ணீர் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து புறப்படும்போது, பால்கனியைப் பார்த்தவாறே, அதிலிருந்து ஒரு குடம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். குறை சொல்லும் குரலில் அவர் கேட்கவில்லை. மறுநாள் தொட்டி நீர் மாற்ற வேண்டிய நாள். மாணவி சட்டென்று விடை சொல்லவில்லை. இரண்டு மூன்று நொடிகள் இருக்கலாம். பிறகு எடுத்துக்கொள்ளச் சொன்னார். குடத்தைத் தாமே நிரப்பியும் கொடுத்தார். ஆனாலும் அந்தச் சில நொடிகள் அவரை விட்டு நீங்கவில்லை. நீர்ப் பங்கீட்டின் அநீதியைப் பற்றி அவர் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவர். ஒரு குடத்தின் முன் தாம் கணக்குப் பார்த்தது அவருக்கு மட்டுமே தெரியும். ஒருவேளை அம்மையாருக்கும் தெரிந்திருக்கலாம்.

தொட்டியை மூடிவிடுவது எளிது. ஆனால் ஏற்றுக்கொண்ட உயிர்களை எங்கே விடுவது? அயல்நாட்டு மீனான கப்பியை ஏரியில் விடுவது ஏரிக்குக் கேடு. எனவே அவர் தொட்டியின் தேவையைக் குறைத்தார். இரையைப் பாதியாக்கினார், கழிவும் குறைந்தது. மணி பிளாண்ட் கொடியின் வேர்களைத் தொட்டிக்குள் இறக்கினார். நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொண்டது. மீன்கள் பாதியை நம்பிக்கையான நண்பர்களிடம் கொடுத்தார். வாரம் ஒரு குடம் என்பது இரு வாரத்துக்கு அரைக் குடமானது. எடுத்த பழைய நீர் கழிவறைக்குப் பயன்பட்டது. டிரம்மில் மிஞ்சியதை அம்மையார் கேளாமலேயே கொண்டுசென்றார்.

அவர் போகும்போது ஆறு கப்பிகளையும் ஒரு பாட்டிலில் கேட்டு வாங்கிப் போனார். கொட்டகை வரிசையில் துணி துவைக்கும் நீரைச் சேர்த்துவைக்கும் பொது டிரம்மில் புழு நெளிகிறதாம். லாரியில் வந்தது குளோரின் கலக்காத ஆழ்துளை நீர்தான் என்பதால் மீன்கள் பிழைத்துக்கொண்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தபோது, மாணவி அந்த டிரம்மைப் பற்றி விசாரித்தார்.

புழு இல்லை, மீன்கள் நலம் என்றார் அம்மையார். லாரி வராமல் நான்காம் நாளாகிவிட்டாலும், டிரம்மின் அடியில் ஒரு சாண் நீரை அங்கே யாரும் மொள்ளுவதில்லை என்றும் சொன்னார்.