ஊத்தங்கரையிலிருந்து: விருந்துக்கு ஆட்டுக்கறியே

அன்புள்ள நண்பருக்கு,

கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழியும் ஒயினும் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஊத்தங்கரையில் இருந்துகொண்டு யோசித்தால் என் பதில் வெள்ளாட்டுக்கறியும் மாம்பழ ஜூஸும்தான். யார் யார் பந்தியில் உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் கறியை முடிவு செய்யவேண்டும். வான்கோழி அமெரிக்கக் கண்டத்துப் பறவை. ஐரோப்பாவுக்கே 16-ஆம் நூற்றாண்டில்தான் போனது. அதில்லாமல் பண்டிகை நிறையாது என்பதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. இங்கே குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ பிடித்த ஒரு கிடாய், நள்ளிரவுப் பூசை முடித்தவர்களுக்குக் காலையில் இட்லியோடு குடல் குழம்பு, மதியம் பிரியாணி, ராத்திரி எலும்பு ரசம் என்று நாள் முழுக்கத் தாங்கும். பிரியாணிக்கு முன்னந்தொடையும் நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள். ஆம்பூர்ப் பக்குவத்தில் சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். தனிக்கறியாகப் போட்டால் எலும்பின் சாறு சோற்றில் இறங்காது.

ஆட்டுக்கறி விலை கட்டுப்படியாகாது என்பது நியாயமான பேச்சு. அதற்குத்தான் கூறு போடும் வழக்கம் இருக்கிறது: நாலைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, ஈரலும் எலும்பும் எல்லாக் கூறிலும் விழும்படி பிரித்துக்கொள்கின்றன. இல்லாத வீட்டுக்கும் அதே கறிதான் போகிறது. மாட்டுக்கறி மலிவு, ருசியும் குறைவில்லை. அது எந்த வகையிலும் தாழ்ந்த உணவு இல்லை. குடும்பம் மட்டும் சாப்பிடுவதென்றால் அதையே தாராளமாகச் சமையுங்கள். ஆனால் பக்கத்து வீட்டு இந்துவும் முஸ்லிமும் ஒரே பந்தியில் உட்காரும் நாளில், பெரும்பாலோர் கைநீட்டுவது ஆட்டுக்கறிக்குத்தான். முஸ்லிம் நண்பர்கள் வருவார்களென்றால் ஹலால் கடையில் வாங்கிவிடுங்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களுக்கு அப்போது மண்டல விரதம் முடிந்திருக்காது. அவர்களுக்கு முட்டையில்லாத கேக்கும் பழமும் தனித் தட்டில் வையுங்கள்.

கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கினாரே என்பீர்கள். அங்கே அவர் செய்தது விருந்தினருக்குக் குறை வராமல் காத்தது. பந்தியில் பாதிப்பேர் தொடமுடியாத பானத்தை வைத்தால் நாமே அந்தக் குறையை உண்டாக்குகிறோம். சட்டமும் இருக்கிறது: 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம், ஓசூர் எல்லை வழியாகக் கர்நாடக பாட்டில்களைக் கொண்டுவந்தாலும் வழக்கில் மாட்டலாம். டிசம்பரில் மாம்பழம் ஏது என்ற சந்தேகம் வேண்டாம். கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆலைகள் கோடையிலேயே பெங்களூரா மாங்காயைக் கூழாக்கி டின்னில் அடைத்துவிடுகின்றன. ஒரு பங்கு கூழுக்கு இரண்டு பங்கு தண்ணீர், கொஞ்சம் எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு போதும். சர்க்கரை சேர்த்த கூழும் உண்டு, சேர்க்காததும் உண்டு. லேபிளைப் பார்த்துவிட்டு இனிப்புப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்