உப்புக்காற்றும் ஒரு பழைய ஜீப்பும்

பண்ணைத் தாம்போதியில் ஏறித் தீவகத்தை நோக்கிச் செல்பவரைக் கடலுக்கு முன்னதாகவே காற்று எதிர்கொண்டுவிடும். சோளகம் எழுந்த மாதங்களில் அது அலை நுரையை நேரே வீதியிற் கொண்டுவந்து வீசும். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு எனத் தொடர்ந்து செல்லும் அவ்வழியின் முடிவிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு வாகனத்தை அரைநாள் நிறுத்திவைத்தாற் போதும். மாலையில் அதன் கண்ணாடியில் விரலாற் பெயர் எழுதலாம். எழுதிய விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். புலம்பெயர்ந்து சென்றோர் இக்காற்றை ஊரின் மணம் என்று நினைத்து ஏங்குவர். ஊரிலுள்ள இரும்புக்கு அத்தகைய ஏக்கம் எதுவும் இல்லை.

இத்தகைய மண்ணில் பழைய வாகனங்கள் நெடுநாள் உயிர்வாழ்வது வியப்பே. யாழ்ப்பாணத்தார் ஒஸ்ரின் சோமசெட்டையும் கேம்பிறிட்ஜையும் மொறிஸ் மைனரையும் அவை பிறந்த நாடே மறந்துவிட்ட பின்னரும் வாடகைக்கு ஓட்டியவர்கள். அக்காலப் பழக்கம் இன்று மீண்டும் தேவையாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; 2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கப்பட்டபோதும், வரியைக் கேட்டவர் பலர் வாசலிலேயே திரும்பிவிட்டனர். கையில் இருப்பதைத் திருத்திக்கொள்வதைவிட வேறு வழி சாதாரண குடும்பங்களுக்கு இருக்கவில்லை.

வேலணையில் ஒரு வளவில், வேப்பமரத்தின் கீழ்க் கிடுகுக் கொட்டிலொன்றில் நின்ற ஜீப்பின் கதையும் அத்தகையதே. ஜீப் என்பது ஊரார் இட்ட பெயர். நான்கு சில்லும் இழுக்கும் எந்த வாகனமும் தீவகத்தில் ஜீப்தான். உண்மையில் அது 1970களில் வந்த மூன்றாம் வரிசை லாண்ட் றோவர், டீசலில் ஓடுவது. கூட்டுறவுச் சங்கத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் 2010இல் வவுனியாவில் நடந்த ஏலமொன்றில் அதனை வாங்கி வந்தார். புகையிலைச் சிப்பம் ஏற்றவும், உறவினரைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுபோகவும், சாவீட்டுக்குக் கதிரை கொண்டுவரவும் அது பயன்பட்டது. ‘துருப்பிடியாத வண்டி’ என்பது அவர் வழக்கமாகக் கூறும் பெருமை.

அப்பெருமையில் பாதி உண்மை உண்டு. 1948இல் லாண்ட் றோவர் முதன்முதல் வெளிவந்தபோது, போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் உருக்குக்குக் கட்டுப்பாடு இருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலப்புலோகத்திற் செய்தார்கள். அந்த அலுமினிய உடல் இரும்பைப்போல் துருப்பிடிக்காது. ஆயின் அவ்வுடலைத் தாங்கும் சட்டகம் உருக்கு. இரு வேறு உலோகங்கள் தொட்டுநிற்கும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அவ்விடம் ஒரு சிறு பற்றரி ஆகிவிடுகிறது. அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்குகிறது. மேலே பார்த்தால் வண்டி இளமையோடு நிற்கும். கீழே எலும்பு உளுத்துக்கொண்டிருக்கும்.

முதியவரின் பேரன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தான். பாரிசிலிருந்த சித்தப்பா, “வண்டியைக் கொஞ்சம் எடுப்பாச் செய்யடா” என்று சொல்லிப் பணம் அனுப்பினார். அவ்விருவருக்குமிடையே தொலைபேசியில் படங்கள் பறந்தன. தடித்த பூவெட்டுள்ள பெரிய ரயர்கள், வண்டியை நான்கு அங்குலம் உயர்த்தும் ஸ்பிறிங்குகள், முகப்பில் ஒளிவிளக்கு வரிசை, முழக்கமிடும் புகைக்குழாய்: அவையே திட்டம். அனுப்பிய தொகை ரயர்களுக்கே மட்டுமட்டாகப் போதும். முதியவர் தடுக்கவில்லை. “காசு அவையின்ரை, ஆசை உன்ரை” என்று மட்டும் சொன்னார்.

ரயர்களுக்குச் சொல்லி வைப்பதற்கு முன்னரே 2023 தை மாதத்து விடியற்காலை ஒன்று வந்துவிட்டது. அப்பம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அவசர ஊர்தி வேறொரு நோயாளியுடன் யாழ்ப்பாணத்துக்குச் சென்றிருந்தது. பேரன் ஜீப்பில் ஏறித் திறப்பைத் திருகினான். இயந்திரம் சுழன்றது, பற்றவில்லை. மறுபடியும் சுழன்றது, வெண்புகை எழுந்தது, பற்றவில்லை. பற்றரி தளர்ந்து குரல் தாழ்ந்தது. அயலவர் நால்வர் தள்ளினர். மழை ஊறிய மணலிற் சில்லுகள் புதைந்தன. ஈற்றில் சந்தியிலிருந்து ஓட்டோ ஒன்று வந்து, மூதாட்டியைப் பேரனின் மடியிற் சாய்த்து ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிற்று. முக்கால் மணித்தியாலம் வீணாகியிருந்தது. அவர் பிழைத்தார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்று வைத்தியர் தொடங்கிய வசனத்தை, பேரனின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமலே விட்டார்.

அடுத்த நாள் பேரன் ஊர்காவற்றுறையிலிருந்து கராச்காரர் ஒருவரை அழைத்துவந்தான். அறுபதைக் கடந்தவர், 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைக்காத காலத்தில், வாடகைக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச்செய்த தலைமுறையைச் சேர்ந்தவர். சில துளி பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அக்கால வித்தை. பழைய ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்களின் அமுக்கவிகிதம் குறைவு. அதனாலேயே அவை அந்தக் கசப்பையும் குடித்து ஓடின. கார் நாற்றமெடுத்தது, புகைந்தது, ஆனால் நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருக்குச் சித்தப்பா அனுப்பிய படங்களைப் பேரன் காட்டவில்லை. காட்ட வெட்கமாயிருந்திருக்கும்.

“தம்பி, ஓட்டம் பிறகு. முதல்லை எழும்பட்டும்,” என்றார் அவர்.

டீசல் இயந்திரத்திற் பொறி இல்லை. காற்றை நெருக்கி அதனாற் பிறக்கும் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றுகிறது. பழைய லாண்ட் றோவரின் இயந்திரம் டீசலை முன்னறையில் தெளிக்கும் வகையைச் சேர்ந்தது; குளிர்ந்திருக்கும்போது அவ்வறையைச் சூடாக்க ஹீற்றர் பிளக் நான்கு வேண்டும். தேய்ந்த இயந்திரத்தில் அமுக்கம் கசிவதால் இவற்றின் உதவி இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். பழைய அமைப்பில் இந்நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிற் கோக்கப்பட்டவை. வெசாக் காலத்து மின்விளக்கு மாலையில் ஒரு குமிழ் அணைந்தால் முழு மாலையும் இருண்டுவிடுவதுபோல, ஒரு பிளக் அறுந்தால் நான்கும் செத்துவிடும். அன்று அறுந்திருந்தது மூன்றாவது. மற்றை மூன்றிலும் எந்தக் குறையும் இல்லை.

இதற்குரிய மாற்றம் மிக எளியது. பழைய பிளக்குகளையும் அவற்றோடு இணைந்த தடையையும் கழற்றிவிட்டு, பன்னிரண்டு வோல்ற் பிளக்குகள் நான்கைப் பூட்டி, தடித்த வயரினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்னைக் கொடுக்க வேண்டும். ஒன்று பழுதானாலும் மூன்று எஞ்சும். இரண்டு சாவிகளைப் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு முற்பகலிற் செய்துவிடலாம். செலவும், அந்தப் பெரிய ரயரொன்றின் விலைக்கு அருகிலும் வராது. லாண்ட் றோவர் வைத்திருப்போர் உலகெங்கும் செய்துகொள்ளும் வேலைதான் இது. வேலணையில் அது தெரியாமற்போனதற்குக் காரணம், அதுவரை அந்த வண்டி பகலில் மட்டுமே தேவைப்பட்டது என்பதே.

அன்றிலிருந்து பேரன் கராச்காரருக்குக் கையாளானான். வயர்களின் தலைப்புகளைக் கழற்றி உரசி நெய்ப்பசை பூசினான். பற்றரியிலிருந்து சட்டகத்துக்கும், சட்டகத்திலிருந்து இயந்திரத்துக்கும் செல்லும் மண்ணிணைப்பு வயர்கள் பச்சை பூத்திருந்தன; அவற்றை மாற்றியதும் சுழற்றியின் குரலே மாறியது. முகப்பு விளக்குகள் மங்கி எரிந்தமைக்குக் குமிழ்கள் பொறுப்பல்ல. நாற்பதாண்டு வயதுடைய ஆளியினூடாகச் சுற்றிவந்த மின்சாரம் வழியிலேயே இளைத்துப்போயிருந்தது. ரிலே இரண்டைப் பூட்டிப் பற்றரியிலிருந்து நேரே மின்னைக் கொடுத்ததும் அதே குமிழ்கள் அல்லைப்பிட்டி வெளியைப் பகலாக்கின. விளக்கு வரிசையின் எண்ணம் அத்தோடு தானே ஒழிந்தது. காற்று வடிகட்டி எண்ணெய்த் தொட்டி வகை. அதனைக் கழுவிப் புதிய ஒயில் இட்டபோது அடியில் விரற்கடை தடிப்பிற் சேறு இருந்தது. டீசல் வடிகட்டியின் அடியிலும் நீர் நின்றது. 2022இல் கலன்களில் சேர்த்துவைத்த டீசலின் மிச்சம் அது.

பிரேக் விடயத்தில் கராச்காரர் கண்டிப்பானவர். நான்கு சில்லுகளிலும் ட்றம் வகைப் பிரேக்குகளே உள்ள வண்டி இது. மிதியை இருமுறை அமுக்கினாற்றான் பிடிக்கும் என்பது அந்த வீட்டில் ஒரு குறையாகவே கருதப்படவில்லை. வண்டியின் குணம் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து திருகும் சரிசெய் ஆணிகளை முடுக்கி, ஈரம் உறிஞ்சிப் பழுத்த பிரேக் ஒயிலை மாற்றியபின் முதல் மிதியிலேயே நின்றது. இயந்திரத்துக்கு வலுக்கூட்டி நிறுத்தும் வலுவை மறந்துவிடும் இளைஞர்களை அவர் பலமுறை கண்டிருக்கிறார். அவர்களைப்பற்றி விரித்துச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

ஆயினும் தீவகத்தில் மிக அருமையான மூலப்பொருள் பணமன்று, நன்னீர். வண்டியின் அடியை வாரந்தோறும் கழுவுங்கள் என்று எந்தக் கைநூலும் எழுதிவிடும். எந்த நீரால் என்பதே இங்குள்ள கேள்வி. பல கிணறுகள் உவர். குடிநீரைப் பவுசரில் எதிர்பார்க்கும் வீடுகள் உள்ளன. உவர்நீரால் உப்பைக் கழுவினால் முன்னைய உப்புப்போய்ப் பின்னைய உப்பு வரும். குடிப்பதற்கு வைத்த நீரை இரும்புக்கு ஊற்ற எந்தப் பெண்ணும் விடமாட்டாள், விடவும் கூடாது. ரேடியேற்றரிலும் இதே சங்கடம். ஆண்டுக்கணக்காகக் கிணற்று நீரை ஊற்றியதால் அதன் குழாய்களுக்குள் வெண்சுண்ணம் படிந்து பாதி அடைபட்டிருந்தது. வெயிலில் வண்டி கொதித்தமைக்கு அதுவே காரணம்.

இதற்கு விடை முதியவரிடமிருந்து வந்தது. கார்த்திகை மழையில் வண்டியைக் கொட்டிலிலிருந்து இறக்கி, ஓட்டுவீட்டின் தாழ்வாரத்துப் பீலி வடியும் இடத்தில், ஒரு சில்லைப் பலகையில் ஏற்றிச் சாய்வாக விடச் சொன்னார். பீலித் தண்ணீரை நீர்க்குழாயில் பிடித்துச் சட்டகத்தின் உட்புறத்துக்குச் செலுத்தினான் பேரன். பெட்டிபோன்ற அச்சட்டகத்தில் நீர் வடிவதற்கென்று துளைகள் உண்டு. அவை சேற்றால் அடைபட்டிருந்தன. கம்பியாற் குத்தித் திறந்தபோது தேநீர் நிறத்தில் ஒரு வாளி துருநீர் கொட்டியது. ரேடியேற்றருக்கென இரண்டு கலன் மழைநீர் தனியே பிடித்து வைக்கப்பட்டது.

காய்ந்தபின் சிறு சுத்தியலால் சட்டகம் முழுவதையும் தட்டிப் பார்த்தனர். நல்ல உருக்கு மணிபோல் ஒலிக்கும். உளுத்தது ஈரப்பலகைபோல் மந்தமாகச் சொல்லும். பின்புறத்துக் குறுக்குத்தண்டில் ஓரிடம் மந்தமாயிற்று. சித்தப்பாவின் பணத்திற் பெரும்பங்கு அங்கேதான் போயிற்று: வெட்டி, புதிய தகடு வைத்து ஒட்டுவித்தார்கள். கழிவு ஒயிலைப் பூசிவிடுவதே ஊர் வழக்கம். அஃது இறப்பர்ப் பாகங்களை இளக்குவதோடு நிலத்திலும் சொட்டும். சுண்ணக்கல் நிலத்தில் விழுந்த எண்ணெய் எங்கே போகும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் காட்டிவிட்டன. ஆகவே தடித்த நெய்ப்பசையை உருக்கித் தூரிகையாற் பூசினர். அலுமினியமும் உருக்கும் சேரும் இடங்களில் இறப்பர்த் துண்டு வைத்து ஆணிகளை மீண்டும் முடுக்கினர்.

ரயர்களும் மாற்றப்படவே செய்தன, பழைய அளவிலேயே. பழைய ரயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைப் பேரன் முதன்முதலாக வாசித்தான். முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பவை. அவற்றின்படி அவை அவனுடைய முதலாம் வகுப்புக் காலத்தவை. பூவெட்டு நன்றாயிருந்தது; பக்கவாட்டில் வெயிலும் உப்பும் வெடிப்பு விழுத்தியிருந்தன. பெரிய ரயரைப் பற்றிக் கேட்டபோது, வலு உதவியில்லாத அந்தச் சுக்கானைத் திருப்ப அப்பப்பாவின் தோள்கள் இடங்கொடுக்குமா என்று கராச்காரர் திருப்பிக் கேட்டார். பல்லிணை ஏறும், பிரேக் இளைக்கும், வேகமானியும் குறைத்துக் காட்டும் என்ற ஏனைய காரணங்களை அவர் சொல்ல நேரவில்லை.

2024 ஆனியில், நயினாதீவு நாகபூஷணி அம்மன் உற்சவத்துக்குச் சித்தப்பா வந்தார். அப்பம்மாவை முன் ஆசனத்தில் இருத்தி, விடியுமுன் எல்லோரும் குறிகட்டுவானுக்குப் புறப்பட்டனர். பேரன் திறப்பை அரைவாசி திருப்பி மனத்துக்குள் இருபது வரை எண்ணினான், பின் திருப்பினான். அரைச்சுற்றில் இயந்திரம் எழுந்தது. அப்பம்மா ஒன்றும் சொல்லவில்லை. மடியிலிருந்த அருச்சனைத் தட்டைச் சரிசெய்துகொண்டார்.

இறங்குதுறையில் இறங்கிய சித்தப்பா வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். அதே பச்சை நிறம், அதே உயரம், அதே நெளிந்த கதவு. அனுப்பின காசெல்லாம் எங்கையடா என்று கேட்டார். பேரன் நிலத்தில் முழந்தாளிட்டு, கீழே குனிந்து பாருங்கோ என்று கையைக் காட்டினான். கோயிலுக்கென்று உடுத்த வெள்ளைப் பட்டுவேட்டியோடு குனிவதா என்று அவர் தயங்கி நிற்கையில், படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார்.