ஓய்ந்த தறி

காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் தறியில் அமர, மற்றவர் பக்கத்திலிருந்து கரைக்கு நாடா எறிய வேண்டும். நம் பங்கின் நெசவாளர் ஒருவர் இன்று தனியே அமர்ந்திருக்கிறார். மகன் கூலிக்குக் கஞ்சா மூட்டை சுமந்து சிறை சென்றான். சரக்கின் முதலாளி யாரென்று அவனுக்கே தெரியாதாம்!

1985ஆம் ஆண்டுச் சட்டப்படி, 20 கிலோவுக்கு மேற்பட்ட கஞ்சாவுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். அதைக் கட்ட இயலாத ஏழைக்குச் சிறைவாசம் மேலும் நீளும்.

குற்றத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. கஞ்சாவால் சீரழிந்த இல்லங்களையும் அறிவோம். ஆயினும், குற்றமற்ற தந்தையும் அன்றோ தண்டனைக்கு விலை கொடுக்கிறார்? நாமோ 'கஞ்சாக்காரன் வீடு' என்று ஒதுங்கி நடந்தோம். சிறைப்பட்டோரைத் தேடிச் செல்லுமாறு ஆண்டவர் பணித்தார். அந்தப் பாதை, அன்பர்களே, அவ்வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது.