பலாலியிலிருந்து சென்னைக்கு

பள்ளிக்கூட நிலப்படத்தில் கொழும்பிலிருந்து சென்னைக்கு அடிமட்டம் வைத்து ஒரு நேர்கோடு கிழித்துப் பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாணத்தின் மேலாகவே செல்லும். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை ஏறக்குறைய 645 கிலோமீட்டர். பலாலியிலிருந்தோ சுமார் 355 கிலோமீட்டர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தரைவழியே 400 கிலோமீட்டரை அண்மிக்கும். ஆகவே எமக்குத் தலைநகரிலும் பார்க்கச் சென்னையே கிட்ட.

ஆயினும் நெடுங்காலம் அந்தக் கிட்டடி ஊருக்குத் தெற்கே சுற்றியே போனோம். இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம், விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலக் காத்திருப்பு, அதன்பின் வந்த திசையிலேயே திரும்பிப் பறத்தல். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை அடைபட்டபோது இச்சுற்றுவழியும் அரிதாயிற்று. அவ்வாண்டின் கடைசியிலேதான் எமது பெரியம்மாவின் தம்பியார் சென்னையிற் காலமானார். தொலைபேசிச் செய்தி உடனே வந்து சேர்ந்தது. பெரியம்மாவாற் போக இயலவில்லை.

2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகி, நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. மறு ஆண்டு பெருந்தொற்றினால் நின்ற சேவை 2022 டிசெம்பர் 12 இல் மீண்டது. அடுத்த மாசியிற் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

சுழல்விசிறிகள் இரண்டு கொண்ட சிறு விமானம் அது. இறக்கை சாளரத்துக்கு மேலே அமைந்திருப்பதால் கீழுள்ளவை மறையா. காங்கேசன்துறைக் கரை தெரிந்தது. கண் இமைப்பதற்குள் கடல். இடப்பக்கம் அமர்ந்தால், வானந் தெளிந்த நாளிற் சோழமண்டலக் கரையை மங்கலாகக் காணலாம்.

“அந்தக் காலத்திலும் இவ்வளவு நேரந்தான் பிள்ளை சென்றது,” என்றார் பெரியம்மா. மறதி என்றே முதலில் எண்ணினோம். எயர் சிலோன் 1947 டிசெம்பர் 10 இல் தனது முதற் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது என்பதை மாணவ நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். அன்றைய டக்கோட்டா விமானம் மணிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பறக்கும், இன்றையது 500. கணக்கிட்டால் மிச்சப்படுவது அரை மணித்தியாலத்துக்கும் குறைவு. அதனையும் ஓடுபாதையில் ஊர்வதும், உயர ஏறுவதும், சென்னை வானில் முறைக்குக் காத்திருப்பதும் விழுங்கிவிடுகின்றன. நேர அட்டவணை ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் காட்டுவது இதனாலேயே. பெரியம்மா சொன்னது பெரும்பாலும் சரிதான்.

சென்னையில் இறங்கியதும் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி, அரை மணி பின்னுக்குத் தள்ளித் தரும்படி கேட்டார். 2003 இல் தம்பியாரிடம் வந்தபோது அப்படித்தான் செய்தாராம். 2006 ஏப்ரிலிலிருந்து இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்று விளக்கினோம். அவர் முழுதும் நம்பாமல் நிலையத்து மணிக்கூட்டையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலிலே தம்பியாரின் மனைவி நின்றார். “எப்ப வெளிக்கிட்டனீங்கள் மச்சாள்?”

“காலமைச் சாப்பாடு வீட்டிலை முடிச்சிட்டுத்தான்,” என்றார் பெரியம்மா.

பின்னர் இருவரும் உள்ளே போய்த் தம்பியாரின் படத்துக்கு முன்னால் நெடுநேரம் இருந்தனர்.