பட்டத்துக்குப் பின் ஒரு பட்டம்

"மகள் பி.எஸ்ஸி. முடித்துவிட்டாள். இப்போது டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். வயது தாண்டிவிட்டதா? எத்தனை வருஷம் விட்டுப் பார்க்கலாம்?"

பயிருக்கு என்ன மருந்து, மாட்டுக்கு என்ன தீவனம் என்று கேட்கும் கடிதங்களுக்கு நடுவே இப்படியும் சில கேள்விகள் வருகின்றன. இதற்குச் சட்டம் சொல்லும் பதில் சில வரிகளில் முடிந்துவிடும். குடும்பம் சொல்ல வேண்டிய பதில்தான் நீளமானது. ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், முண்டு மிளகாய் போடும் ஒரு மானாவாரிக் குடும்பம் அந்தப் பதிலைத் தேட இரண்டு வருஷம் ஆனது.

முதலில் சட்டம். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் முடித்தவர்கள்தான் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியில் சேருகிறார்கள். இங்கிலாந்தில் பட்டதாரிகளுக்கென்றே 4 வருஷ மருத்துவப் படிப்பு பல கல்லூரிகளில் இருக்கிறது. இந்தியாவில் அப்படித் தனி வாசல் இல்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளையும் பட்டதாரியும் எழுதுவது ஒரே நீட் தேர்வுதான். சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வயது வரம்பை 2022 மார்ச் மாதம் தேசிய மருத்துவ ஆணையம் எடுத்துவிட்டது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருந்தால் பட்டதாரியும் எழுதலாம். ஆனால், பி.எஸ்ஸி. படித்த 3 வருஷத்தில் ஒரு நாள்கூட எம்.பி.பி.எஸ்.ஸில் கழியாது. படிப்பு நாலரை வருஷம், மருத்துவமனைப் பயிற்சி ஒரு வருஷம் என முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, 2020-ல் வந்த சட்டப்படி 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு. அதில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பிளஸ் டூ முடித்துச் சில வருஷம் ஆனவர்களும் இதில் இடம் பெறுகிறார்கள்.

அந்த மிளகாய்க் குடும்பத்தின் மகள் இந்தக் கணக்குக்குள் வந்தவள்தான். பிளஸ் டூ முடித்தது 2020-ல், அரசுப் பள்ளியில். கொரோனாவால் தள்ளிப்போய் அந்த செப்டம்பரில் நடந்த நீட் தேர்வை எழுதினாள். தகுதி மதிப்பெண்ணையே எட்டவில்லை. ராமநாதபுரத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் சேர்ந்தாள். டாக்டர் என்ற பேச்சும் அதோடு வீட்டில் நின்றுபோனது.

அதை மறுபடி கிளப்பியது ஒரு பாம்பு. அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, மிளகாய்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. அரசு மருத்துவமனையில் நான்கு நாள். டாக்டர் அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார். ரத்தம் உறையாமல் தண்ணீர்போல ஓடினால் விஷம் இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து ஏற்றுவார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் குழாய், மறுபடியும் 20 நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் விரியன் விஷம் ரத்தத்தை என்ன செய்யும் என்று பாடமாகப் படித்தவள்தான். படித்தது அப்பாவின் ரத்தமாகக் குழாயில் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தாள். ஒருவழியாகக் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக நின்றது. அப்பா பிழைத்து வீடு வந்தார்.

2023-ல் பட்டம் வாங்கியதும் கேட்டுவிட்டாள். அந்த வீட்டுக்கு ஐந்து ஏக்கர். கண்மாய் பெருகினால் நெல்லும் உண்டு. பெருகாவிட்டால் மிளகாய் ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் தம்பி. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லி உறவில் பேச்சும் வந்திருந்தது. அப்பா இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னார்:

"ஆசைக்கு அளவு கிடையாது தாயி. வெள்ளாமைக்குக் கெடு உண்டு. ரெண்டு பட்டம் எடுத்துக்க. மூணாவது பட்டத்துக்கு வீட்டுல விதை இல்ல."

புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் சித்திரையில் காடு முடியும். நீட் தேர்வும் மே மாதத்து முதல் ஞாயிறு. அவர் சொன்ன இரண்டு பட்டம், சரியாக இரண்டு தேர்வு. அதற்குள் கிடைக்காவிட்டால் பி.எட். சேர்ந்து டீச்சர் வேலைக்குப் போவது என்று முடிவானது.

அடுத்தது பணம். வெளியூர் பயிற்சி மையங்களில் விடுதியோடு சேர்த்து லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். அம்மா சங்கிலியைக் கழற்றிக் கூட்டுறவுச் சங்கத்தில் வைக்கத் தயாரானார். அவர் காட்டிய உதாரணம் பக்கத்து ராமேஸ்வரத்தில்தான் இருந்தது. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்தபிறகுதான் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். அதற்குக் கட்ட வேண்டியிருந்த சுமார் ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். "அந்த அக்கா வைக்கலையா?" என்றார் அம்மா.

அப்பா மறுக்கவில்லை. வேறுபாட்டை மட்டும் எடுத்துச் சொன்னார். "அவுக இடம் கெடச்ச பொறவு வச்சாக. நீ இடம் கெடைக்குமான்னு பாக்க வைக்கப் போற. இடம் கெடைக்கட்டும், காட்டையே வைக்கிறேன்." நகை வீட்டிலேயே இருந்தது. மகள் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். அந்தப் பணத்தில் புத்தகமும் பழைய வினாத்தாள்களும் மாதிரித் தேர்வும் ஆயின.

பட்டதாரி என்பதால் அவளுக்குக் கிடைத்த லாபம் பாதிதான். நீட் மொத்தம் 720 மதிப்பெண். அதில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. உயிரியலில் கை ஓடியது. அங்கேயும் கல்லூரியில் ஆழமாகப் படித்ததை யாரும் கேட்கவில்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடத்தின் ஒவ்வொரு வரியையும் கேட்டார்கள். தாவரவியல் பாதி மறந்திருந்தது. இயற்பியலைத் தொட்டே மூன்று வருஷம் ஆகியிருந்தது. தையிலிருந்து பழம் பறிப்பு வேறு. விடிந்து வெயில் ஏறும்வரை காடு, பிறகு புத்தகம், சாயங்காலம் காய்ந்த வற்றலை அள்ளிக் கட்டியபின் மறுபடி புத்தகம் என்று ஓடியது முதல் பட்டம்.

2024 மே 5, மதுரையில் தேர்வு. அவளுக்கு நன்றாகவே மதிப்பெண் வந்தது. முந்தின வருஷமாக இருந்தால் அந்த மதிப்பெண்ணுக்கு இடம் உறுதி என்று பேசினார்கள். ஆனால், அந்த ஜூன் மாதம் நாடு முழுக்க மதிப்பெண் எகிறியது. முதலில் வந்த முடிவில் 67 பேருக்கு 720-க்கு 720. வினாத்தாள் கசிவு, கருணை மதிப்பெண் என்று வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், திருத்திய பட்டியலில் அது 17 பேராகக் குறைந்தது. தேர்வை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்தது. அவளுக்குத் தகுதி கிடைத்தது. இடம் கிடைக்கவில்லை.

தகுதி வேறு, இடம் வேறு என்பது பல வீடுகளுக்குப் புரியாமல் இருக்கிறது. "பாஸ் ஆயிட்டா, ஏன் சேரல?" என்று ஊரே கேட்டது. அப்பாவுக்கு மட்டும் அது உடனே விளங்கியது. "உனக்கு மட்டுமில்ல, எல்லாக் காட்டுலயும் வெள்ளாமை. எட்டிவயல் சந்தையில மூட்டை குவிஞ்சா வெல எங்க நிக்கும்?" என்றார். மதிப்பெண் விளைச்சல் மாதிரி, தரவரிசைதான் விலை. கவுன்சலிங்கில் இடம் தருவது விலையைப் பார்த்துத்தான்.

இரண்டாவது பட்டத்தில் அவள் ஒன்றை மாற்றினாள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும், எழுதாமல் விட்டால் பூஜ்யம். தெரியாத 40 கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 10 சரியாக இருக்கும், 40 வரும். 30 தவறாகும், 30 போகும். மிச்சம் 10 மதிப்பெண். அதுவும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நான்கு விடைகளில் இரண்டு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட 40 கேள்வியில் 20 சரியாகும். 80 வரும், 20 போகும், 60 மிஞ்சும். இந்தக் கணக்கை வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது இதுதான்: "ஈரம் இல்லாத எடத்துல விதைய எறியாதன்னு சொல்ற, அதானே?" அதன்பிறகு மாதிரித் தேர்வுகளில் கேள்வியைப் படித்ததும் அவள் முதலில் பார்த்தது ஈரம் இருக்கிறதா என்றுதான். இரண்டு விடையையாவது அடிக்க முடியாத கேள்வியைத் தரிசாக விட்டாள்.

2025 மே 4. அதுவரை 200 கேள்வியில் 180-ஐ எழுதினால் போதும். நேரமும் 3 மணி 20 நிமிடம். அந்த வருஷம் அந்தச் சலுகை எடுக்கப்பட்டு, 180 கேள்வி, 180 நிமிடம் என்றானது. இயற்பியல் தாள் கடுமை. மையத்தைவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்த பிள்ளைகள் நிறைய. அவளும் இயற்பியலில் பல கேள்வியைத் தரிசாகத்தான் விட்டிருந்தாள். போன வருஷத்தைவிட மதிப்பெண் குறையும் என்று தெரிந்தே பஸ் ஏறினாள்.

முடிவு ஜூன் 14-ல் வந்தது. மதிப்பெண் குறைந்துதான் இருந்தது. ஆனால், நாட்டிலேயே முதலிடம் வந்தவருக்கே 686 தான். எல்லாக் காட்டிலும் விளைச்சல் குறைந்த வருஷம் அது. கையில் நாலு மூட்டை இருந்தவனுக்கு விலை. அவளுடைய தரவரிசை முந்தின வருஷத்தைவிட வெகுவாக முன்னேறியிருந்தது. 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் வெளிமாவட்டத் தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. படித்து முடிக்கும்போது அவளுக்கு 28 வயது நடக்கும். பெண் கேட்டு வந்தவர்களுக்கு அம்மாவே அதைச் சொல்லி அனுப்பினார்.

அந்த ஜூன் மாதம் அவள் பி.எட்.டுக்கும் விண்ணப்பித்திருந்தாள். அது சும்மா போட்டது இல்லை. இடம் கிடைத்திராவிட்டால் அதில்தான் சேர்ந்திருப்பாள். வீட்டில் யாரும் மூன்றாவது பட்டம் கேட்டிருக்க மாட்டார்கள். இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம் என்று நான்கைந்து வருஷம் ஓடி, நகையும் போய், வயதும் போய், பிள்ளை யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குள் முடங்கிவிட்ட வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் இவளைவிடக் குறைவாகப் படித்தவர்கள் இல்லை. தோற்றபின் கெடு வைப்பது கடினம். ஒவ்வொரு முறையும் பத்து மதிப்பெண்தான் குறைந்ததுபோலத் தெரியும். எத்தனை தடவை, எவ்வளவு பணம், அதன்பின் என்ன படிப்பு என்ற மூன்றையும் முதல் விண்ணப்பத்துக்கு முன்பே பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து பேசி வைத்தால், தேர்வு அறையில் பிள்ளைக்கும் பாரம் குறையும்.

தம்பி இப்போது பிளஸ் டூ. அவனுக்கும் நீட் ஆசை வந்திருக்கிறது. அக்காவுக்குக் கிடைத்ததால் தனக்கு மூன்று தடவை வேண்டும் என்று கேட்டுப் பார்த்தான். அப்பா விதை மிளகாயைப் புடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டுதான்."