துவரை வரும் திசை

அனவ்ரத்தா சாலையில் காளி கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு டீக்கடை. முழங்கால் உயர மேசைகள், அவற்றைவிடக் குள்ளமான பிளாஸ்டிக் ஸ்டூல்கள். மழை பிடித்துக்கொண்டதால் நடைபாதை மேசைகளை உள்ளே இழுத்து நெருக்கிப் போட்டிருந்தார்கள். பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழாமல் இருக்க வழியில்லை.

அப்பா, மகள், மாமா. அப்பா பிளாஸ்கிலிருந்து வெறுந்தேநீரை ஊற்றி மூன்று கோப்பைகளையும் சுழற்றிக் கழுவி, அந்த நீரைத் தரையோரம் கொட்டினார். இந்தத் தேநீருக்குக் காசு கிடையாது. யாங்கோனில் கோப்பை கழுவுவதும் அதில்தான். நடுவில் அவருக்கு போன் வந்தது. எஸ்.க்யூ. ரகம் என்ன விலை, எஃப்.ஏ.க்யூ. ரகம் என்ன விலை என்று பர்மியமும் தமிழும் கலந்து பேசினார். பயின்நவுங் சந்தையில் உளுந்துத் தரகர் என்று புரிந்தது. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பகுதி இந்த ஊரிலிருந்துதான் கப்பல் ஏறுகிறது.

மகளின் கன்னத்தில் தனாக்காப் பூச்சு. மடியில் லேப்டாப். ஷ்வேபிதாவில் உள்ள கணினிப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்திருக்கிறாள்.

“ஆப்பிரிக்காவா? அங்க நம்ம ஆளு யாரு இருக்கா?” என்றார் மாமா.

“மெட்ராஸ் ஐ.ஐ.டி. மாமா. அவங்க காலேஜுதான், தான்சானியாவுல இருக்கிற சான்சிபார்ல.”

“அப்ப மெட்ராஸுக்கே போயேன்.”

சான்சிபாருக்குத் தனித் தேர்வு, நேர்காணல், எந்த நாட்டுப் பிள்ளையும் எழுதலாம் என்று நிதானமாகச் சொன்னாள். தகவல் சரியானதுதான். 2023 நவம்பரில் திறந்த அந்த வளாகம், ஓர் ஐ.ஐ.டி. இந்தியாவுக்கு வெளியே தொடங்கிய முதல் வளாகம். டேட்டா சயன்ஸும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த எம்.டெக். அங்கே உண்டு. அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ப்ரீத்தி அகலாயம், ஐ.ஐ.டி. வரலாற்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

மாமா விடவில்லை. “படிச்சு முடிச்சிட்டு? கம்ப்யூட்டர் வேலைன்னா சிங்கப்பூரு, ஜப்பான்னு போவாங்க. அங்க என்ன கம்ப்யூட்டர் இருக்கு?”

“நீங்க கேபிஇசட்பேல காசு அனுப்புறீங்கல்ல, அது இங்க வந்தது 2018. கென்யாவுல எம்-பெசா 2007லயே வந்துடுச்சு. சாதா போன்லயே அனுப்புவாங்க. படிப்பு முடிஞ்சா நைரோபில வேலை தேடுவேன்.”

மாமா எண்ணெயில் பொரித்த ஈச்சாக்குவேயைப் பிய்த்து டீயில் தோய்த்தார். பதில் வரவில்லை.

அதற்குள் மின்சாரம் போனது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடைபாதையில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் உறுமத் தொடங்க, பேச்சு மட்டும் ஒரு சுருதி கூடியது. அப்பா போனில் கணக்குப் போட்டார். அன்று டாலருக்கு அரசு விலை 2,100 சாட்; வெளிச்சந்தையில் 4,000-க்கு மேல். கட்டணம் டாலரில். வந்த தொகையை மாமாவிடம் காட்டினார், மகளிடம் காட்டவில்லை.

மாமாவின் முதல் கேள்வியிலேயே என் மனம் நின்றுவிட்டது. ஷ்வேபிதாவைத் தாண்டி வடக்கே போனால் தவுக்ஜான் போர்க் கல்லறை. இரண்டாம் உலகப் போரில் மடிந்து, கல்லறை கிடைக்காத ஏறத்தாழ 27,000 வீரர்களின் பெயர்களை அங்கே தூண்களில் பொறித்திருக்கிறார்கள். கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் பெயர்களும் அவற்றில் உண்டு. 1944-ல் தமு வழியாகக் கபாவ் பள்ளத்தாக்கில் இறங்கி, அடைமழையில் கலேவா வரை ஜப்பானியரைத் தள்ளிக்கொண்டு போனது 11-ஆவது கிழக்கு ஆப்பிரிக்க டிவிஷன். கென்யா, உகாண்டா, தங்கனிகா பையன்கள். பர்மாவில் தங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டா அவர்கள் வந்தார்கள்? எழுந்துபோய் இதைச் சொல்லலாம் போலிருந்தது, சொல்லவில்லை.

“இவளுக்கு இப்ப என்ன வயசு?” மாமாவின் குரல் திடீரென்று இறங்கியது.

“இருபத்திமூணு.”

கொஞ்ச நேரம் மூவரும் பேசவில்லை. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தில் ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. அந்தச் சட்டத்தின் பெயரை அந்த மேசையில் யாரும் எடுக்கவில்லை. மாமா அதன்பிறகு சிங்கப்பூரையும் எடுக்கவில்லை.

அப்பாதான் மௌனத்தைக் கலைத்தார். “தான்சானியா துவரை வந்து இறங்குனா இங்க நம்ம விலை விழும்மா. அந்த ஊரை எனக்கு அப்படித்தான் தெரியும்.” சற்று யோசித்தார். “மும்பை பார்ட்டி ஒருத்தர் தார் எஸ் சலாம்ல சரக்கு எடுக்கிறாரு. அவருகிட்ட விசாரிக்கிறேன். கோயில் இருக்கா அங்க?”

“இருக்குப்பா. குஜராத்திக்காரங்க ரொம்ப காலமா இருக்காங்க.”

“சாப்பாடு?”

“சப்பாத்தி, சோறு எல்லாம் உண்டு. துவரையும் உண்டு.”

அப்பா சிரித்துவிட்டார்.

ஆப்பிரிக்காவை மாமாவுக்குக் கேள்விப்பட்ட அளவில் தெரியும். அப்பாவுக்குத் துவரை விலையில் தெரியும். முறையாக விசாரித்துவிட்டு வந்து பேசியவள் அவள் ஒருத்திதான். இடம் கிடைத்தால் அவளை அனுப்பிவைப்பதுதான் சரி.